மூடும் முன் யார் பார்த்தது?

எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் இடம்பெறுகிறது: ‘மின்கசிவே விபத்துக்குக் காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.’ பெரும்பாலான விபத்துகளில் மக்களுக்குக் கிடைக்கும் கடைசித் தகவலும் அதுதான். எந்த இணைப்பில் கசிந்தது, அதைப் போட்டவர் யார், அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், போட்ட பிறகு யார் சோதித்தார்கள் என்ற கேள்விகள் எழுவதே இல்லை. மின்சாரம் தன் இஷ்டத்துக்குக் கசிந்துவிடுவதில்லை. முழுதாக முறுக்கப்படாத திருகு, ஒயர் முனையில் மாட்டிய அளவு பொருந்தாத லக், டேப் சுற்றிச் சுவருக்குள் தள்ளப்பட்ட இணைப்பு என்று அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு மனிதரின் கைவேலை இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகளின்படி, மின்சாரம் தாக்கி இந்தியாவில் ஆண்டுக்கு 12,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். மின் கோளாறில் தொடங்கும் தீயில் இறப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. விதி என்றும் விபத்து என்றும் சொல்லி இவ்வளவு சாவுகளையும் கடந்துபோவது நியாயமாகாது. இவற்றில் பல, நல்ல வேலையைக் கற்றுக்கொடுத்தால் தடுக்கக்கூடியவை. இதைச் சொல்லவும் செய்துகாட்டவும் கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் குறைவு.

1970-களில் ஓசூரில் சிப்காட் காலூன்றியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இன்று சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் நெடுஞ்சாலையை ஒட்டி நீள்கின்றன. மின்சார ஸ்கூட்டர்களும் கைப்பேசி உதிரிபாகங்களும் இங்கே தயாராகின்றன. ஆலைகளைச் சுற்றி விடுதிகளும் வாடகைக் குடியிருப்புகளும் சிறு பட்டறைகளும் கல்யாண மண்டபங்களும் எழுந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒயர் ஓடுகிறது.

தீயின் வலியும் இந்த எல்லைப் பகுதிக்குப் புதிதில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டியதும் கர்நாடகத்தில் வரும் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது, தருமபுரி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து தீபாவளி வேலைக்குப் போயிருந்த இளைஞர்கள் கருகினார்கள். 2024 செப்டம்பர் 28 அன்று ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பற்றியது. அதிகாலை ஷிப்டில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிலருக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது, உயிர் ஏதும் போகவில்லை. இந்த விபத்துகளுக்கு மின்பணிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தீ எப்படித் தொடங்கினாலும், அது தெரிந்ததும் மனிதர்கள் வெளியேற நேரம் கிடைத்ததா என்பதே உயிரையும் சாவையும் பிரிக்கிறது. அந்த நேரத்தை வாங்கித் தருவது நல்ல ஒயரிங்கும் வேலை செய்யும் அலாரமும்தான்.

உப்ஹார் சொல்லும் பாடம்

ஒரு சிறு கைவேலை எத்தனை உயிர்களைக் குடிக்கும் என்பதற்கு, நீதிமன்ற ஆவணங்களில் துல்லியமாகப் பதிவான ஒரு வழக்கு இருக்கிறது. டெல்லி கிரீன் பார்க் பகுதியின் உப்ஹார் திரையரங்கம். 1997 ஜூன் 13. கட்டடத்தின் தரைத்தளத்தில் டெல்லி மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் இருந்தது. அன்று காலை ஏழு மணிவாக்கில் அதில் ஒரு சிறு தீ ஏற்பட்டு அணைக்கப்பட்டது. மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். கேபிள் முனைகளில் இருந்த அலுமினிய சாக்கெட்டுகளை மாற்றினார்கள். முற்பகலுக்குள் வேலை முடிந்து, மின்சாரம் திரும்பியது.

அந்த சாக்கெட்டுகளைக் கிரிம்பிங் இயந்திரத்தால் அழுத்தியிருக்க வேண்டும். அச்சும் சுத்தியலும் கொண்டு அடித்துப் பொருத்திவிட்டார்கள். கேபிளின் இழைகளுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே முழுப் பிடிப்பு இல்லை. மாலை ஐந்து மணியளவில், படம் ஓடிக்கொண்டிருந்தபோது, தளர்ந்த இணைப்பு பொறிவிட்டுக் கழன்றது. கேபிள் டிரான்ஸ்பார்மரின் ரேடியேட்டர் மீது விழுந்து துளையிட்டது. எண்ணெய் வழிந்து தீப்பற்றியது. புகை மாடிப்படி வழியாக மேலேறி பால்கனிக்குள் புகுந்தது. உள்ளே இருந்தவர்களை எச்சரிக்க எந்த அறிவிப்பும் வரவில்லை. அவசர விளக்கு இல்லை. கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக வெளியேறும் வழி ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தீ அல்ல, புகை.

வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. உரிமையாளர்கள் மீதான தீர்ப்புகள் பெரிதாகப் பேசப்பட்டன, பேசப்படவும் வேண்டும். ஆனால் தொழில் கற்பவர்களுக்கு அந்த வழக்கில் இருக்கும் பாடம் அந்தக் காலை நேர வேலைதான். கருவி சரியில்லை. வேலை முடிந்தபின் சோதித்துப் பார்த்ததற்கான ஒழுங்கும் இல்லை. ‘லைன் வந்துவிட்டது’ என்பதையே வேலை சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரிலும் பல இடங்களில் சோதனை என்பது இதுதான்: சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிகிறதா? எரிந்தால் வேலை முடிந்தது.

எம்சிபிக்குத் தெரியாத சூடு

பல்பு எரிவது ஏன் போதாது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நன்றாக முறுக்கப்பட்ட இணைப்பில் மின்தடை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தளர்ந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 40 வாட் வெப்பம் பிறக்கும். வானொலி பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னுக்கு 25 வாட் போதும். அதைவிட அதிகச் சூடு, காற்றே புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், மணிக்கணக்காக ஒரே இடத்தில். முதலில் ஒயரின் மேலுறை பழுக்கும், பிறகு இளகும், பிறகு கருகும்.

இதில் கவனிக்க வேண்டியது, எம்சிபி எனும் தானியங்கி மின்துண்டிப்பான் விழாது என்பது. அது பார்ப்பது ஓடும் மின்னோட்டத்தின் அளவை. 20 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 20 ஆம்பியர்தான் ஓடுகிறது. எர்த் பக்கம் எதுவும் கசியாதவரை, கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழாது. எவ்வளவு விலையுயர்ந்த மின்பகிர்வுப் பெட்டி (டிபி பாக்ஸ்) போட்டிருந்தாலும், மோசமான இணைப்பின் சூடு அதற்குத் தெரிவதில்லை. அந்த இணைப்புக்கு ஒரே பாதுகாப்பு, அதைப் போட்டவரின் கை.

கட்டுமானம் நடக்கும் இடங்களில் அந்தக் கை எப்படி வேலை செய்கிறது? ஸ்டிரிப்பர் கையில் இருக்காது. பிளேடாலோ பல்லாலோ ஒயர் உரிக்கப்படுகிறது. உரிக்கும்போது செம்பு இழைகளில் நாலைந்து வெட்டுப்படுகின்றன. துளைக்குள் ஒயர் நுழையாவிட்டால் இன்னும் சில இழைகளை நறுக்கி மெலிதாக்கி நுழைத்துவிடுகிறார்கள். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று கணக்கில் இருக்கும்; திருகுக்கு அடியில் இருப்பது அதில் பாதிதான். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் போட வேண்டிய பைமெட்டல் லக்கைப் பலர் பார்த்ததே இல்லை. ஏசி போட்டதும் எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், ஒயரை மாற்றாமல் எம்சிபியைப் பெரிதாக மாற்றிவிட்டுப் போகிறார்கள். அதன்பிறகு சூடாவது ஒயர்.

எர்த் விஷயம் இந்த மாவட்டத்தில் தனியாகப் பேச வேண்டியது. கிருஷ்ணகிரி கிரானைட் பூமி. பல இடங்களில் இரண்டடி தோண்டினால் பாறை. ஈரம் தங்காத அத்தகைய நிலத்தில் ஒரு கம்பியைப் பேருக்கு அடித்துவிட்டால் எர்த் ஆகிவிடாது. குழியின் ஆழம், கரியும் உப்பும் இட்ட முறை, தேவைப்பட்டால் இரண்டாவது மூன்றாவது எர்த் என்று நிலத்துக்கு ஏற்பச் செய்ய வேண்டும். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது எர்த் டெஸ்டரால் அளந்து, எண்ணை எழுதிவைக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 3043 இதற்கெனவே உள்ள நெறிமுறை. மின்சார ஸ்கூட்டரைச் செய்து நாட்டுக்கே அனுப்பும் மாவட்டத்தில், அந்த ஸ்கூட்டரைச் சார்ஜ் போடும் வீட்டு பிளக்கின் பெரிய துளைக்குப் பின்னால் பச்சை ஒயர் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

கூலி பாயிண்ட்டுக்கு

இதற்கெல்லாம் ஒயர்மேனை மட்டும் குறை சொல்வது பெரிய அநியாயம். அவர் எப்படிக் கற்கிறார், எப்படிக் கூலி வாங்குகிறார் என்பதைப் பார்த்தால்தான் பிழையின் வேர் தெரியும்.

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பையன் தெரிந்தவர் ஒருவரிடம் ஹெல்பராகச் சேர்கிறான். முதலில் காடி வெட்டுவது, பைப் புதைப்பது, ஏணி பிடிப்பது. பிறகு ஒயர் இழுப்பது. மேஸ்திரிக்கு வேலை தெரிந்திருந்தால், பொறுமையும் இருந்தால், பையன் நல்ல தொழிலாளி ஆகிறான். பழைய ஒயர்மேன்கள் பலர் அப்படி உருவானவர்கள்தான். பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லைனில் கை வைப்பார்கள். வேறு யாரும் வந்து தெரியாமல் கரண்ட் போட்டுவிட முடியாது. பெரிய ஆலைகளில் இன்று பூட்டும் அட்டையும் மாட்டிச் செய்யும் பாதுகாப்பு முறையின் சாரம் அந்தச் சட்டைப்பையில் இருந்தது.

இன்று வேலையின் வேகம் வேறு. ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறார், அவர் இன்னொருவரிடம் கொடுக்கிறார். கடைசியில் வேலை செய்பவருக்குக் கூலி பாயிண்ட் கணக்கில். லைட்டுக்கு ஒரு பாயிண்ட், ஃபேனுக்கு ஒரு பாயிண்ட், பிளக்குக்கு ஒரு பாயிண்ட். நாளுக்கு எத்தனை பாயிண்ட் முடிகிறதோ அத்தனை காசு. ஒரு லக்கைச் சரியாக அழுத்த எடுக்கும் கூடுதல் ஐந்து நிமிடத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மெக்கர் வைத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் அரை நாளுக்கும் இடமில்லை. தரத்துக்கு விலையே வைக்காத ஒரு கூலி முறையைப் பிடித்துக்கொண்டு தரம் எங்கே என்று கேட்கிறோம்.

ஓசூரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஒரே கட்டடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். மேஸ்திரி சொல்வது ஹெல்பருக்குப் பாதிதான் புரிகிறது. லைன் போட்டாச்சா, எடுத்தாச்சா என்ற ஒரு சொல் தவறாகப் புரிந்தாலும் ஓர் உயிர் போகும். நெறிமுறைகளோ ஆங்கிலத்தில் இருக்கின்றன. உள்வயரிங்குக்கான ஐஎஸ் 732, தேசிய மின் நெறிமுறை, தேசியக் கட்டட நெறிமுறை எல்லாமே பொறியாளர்களின் கணினியில் இருக்கின்றன. ஒயரைத் தொடும் மனிதருக்கு அவற்றில் ஒரு பக்கம்கூட அவர் மொழியில் போய்ச் சேரவில்லை.

ஆனால் யாராவது பார்க்கிறார்கள் என்றால் இதே கைகள் எப்படி வேலை செய்யும் என்பதற்கும் தமிழகத்திலேயே சான்று இருக்கிறது. சிங்கப்பூர் வேலைக்கு ‘டெஸ்ட் அடிக்க’ப் போகும் இளைஞர்களைப் பாருங்கள். மின் ஒயரிங்கும் அந்தத் தேர்வுகளில் ஒரு பிரிவு. பைப் வளைவு ஒழுங்காக இருக்க வேண்டும், கிளாம்புகள் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும், இணைப்பு வரைபடத்தின்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் தோல்வி. வாரக்கணக்கில் பழகி அந்த நேர்த்தியை அவர்கள் கற்கிறார்கள். நம் ஊர்ச் சுவரிலும் அதே கைதான் வேலை செய்கிறது. மதிப்பெண் போட ஆள் இருப்பது மட்டுமே வித்தியாசம்.

பச்சை விளக்கு எரியும் ஊமை அலாரம்

ஒயரிங்கில் தவறு நடந்தால் என்றாவது கருகல் வாசனையாவது வரும். தீ எச்சரிக்கை அமைப்பில் நடக்கும் தவறு, தீப்பிடிக்கும் நாள்வரை வெளியே தெரியாது. அதனால் அந்த வேலையில் நேர்மை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஒரே ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். சிறிய ஆலைகள், விடுதிகள், மண்டபங்களில் பெரும்பாலும் பழைய பாணி, மண்டல வாரியான அலாரம் போர்டுகள் இருக்கும். போர்டிலிருந்து இரண்டு ஒயர்கள் புறப்பட்டு ஒவ்வொரு புகை உணரியாகத் தொட்டுக்கொண்டு போகும். கடைசி உணரியில் ஒரு ரெசிஸ்டர் மாட்டப்பட வேண்டும். அதன் விலை சில ரூபாய்தான். போர்டு அந்தக் கோட்டில் எப்போதும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசி வரை போய், ரெசிஸ்டர் வழியாகத் திரும்பி வந்தால் கோடு நலம். நடுவில் எங்காவது ஒயர் அறுந்தால் மின்னோட்டம் திரும்பாது. உடனே போர்டில் ‘ஃபால்ட்’ விளக்கு எரியும். எலி கடித்தாலும் பெயின்டர் உணரியைக் கழற்றிவைத்தாலும் தெரிந்துவிடும். எளிமையான, அருமையான ஏற்பாடு.

வேலையை ஒப்படைக்கும் நாளில் ஃபால்ட் விளக்கு அணைய மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறி ஒவ்வொரு உணரியாகத் தேட வேண்டும். பாயிண்ட் கணக்கில் அதற்குக் கூலி இல்லை. அப்போது சிலர் செய்யும் வேலை இது: அந்த ரெசிஸ்டரைக் கடைசி உணரியில் மாட்டாமல் போர்டுக்குள்ளேயே, ஒயர் புறப்படும் முனையிலேயே மாட்டிவிடுகிறார்கள். மின்னோட்டம் போர்டை விட்டு வெளியே போகாமலேயே திரும்பிவிடுகிறது. ஃபால்ட் அணைகிறது. பச்சை விளக்கு எரிகிறது. பில் பாஸ் ஆகிறது. அதன்பின் ஒயர் எங்கே அறுந்தாலும் போர்டுக்குத் தெரியாது. அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள உணரிகள் வெறும் பிளாஸ்டிக் அலங்காரம். விடுதியில் ஒரு மாடி முழுக்கத் தூங்கும் பெண் தொழிலாளர்கள், தலைக்கு மேலே இருக்கும் அந்த வெள்ளை வட்டம் தங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறார்கள்.

இந்த மோசடியைக் கண்டுபிடிக்கப் பொறியாளராக இருக்கத் தேவையில்லை. முறையாகப் போடப்பட்ட கோட்டில் ஏதாவது ஓர் உணரியைத் திருகிக் கழற்றினால் போர்டில் ஃபால்ட் வர வேண்டும். வராவிட்டால் வேலை சரியில்லை.

மற்ற தவறுகளும் இதே ரகம்தான். பெயின்ட் அடிக்கும்போது தூசி விழாமல் இருக்க உணரிக்கு மாட்டிய மூடியைத் திறப்பு விழாவுக்குப் பிறகும் கழற்றாமல் விட்டிருப்பார்கள். புகையை அப்பால் தள்ளிவிடும் ஏசிக் காற்று வாய்க்குப் பக்கத்திலேயே உணரியை வைத்திருப்பார்கள். தூசியும் ஆவியும் பறக்கும் பட்டறையில் வெப்ப உணரி வைக்காமல் புகை உணரியை வைப்பார்கள். அது அடிக்கடி பொய்யாகக் கத்தும்; எரிச்சலில் ஒருநாள் சூப்பர்வைசர் ஹூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிடுவார். மின்சாரம் போனபின்னும் போர்டைத் தாங்க வேண்டிய பேட்டரி, வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாமல் உப்பிக் கிடக்கும். ஐஎஸ் 2189 என்ற இந்தியத் தரநிலை, உணரியை எங்கே வைப்பது, எவ்வளவு தூரத்துக்கு ஒன்று, கேபிள் எப்படி, பராமரிப்பு எப்படி என்று எல்லாவற்றையும் சொல்கிறது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தொடங்கிய தீயின் புகை சுமார் 90 உயிர்களைக் கொண்டுபோனது. வேலை செய்யாத எச்சரிக்கை அமைப்பின் விலை என்ன என்று அதற்குப் பிறகும் நாம் கேட்க வேண்டியதில்லை.

‘24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது, யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்ற எண்ணம்தான் இந்தத் துறையை இப்படி ஆக்கியிருக்கிறது. சிசிடிவி மாட்டுபவரே அலாரமும் மாட்டுகிறார். மாட்டட்டும், ஆனால் கற்றுக்கொண்டு மாட்டட்டும். தொடுபவருக்கு ஆபத்து இல்லை என்பதால் அது ஆபத்தில்லாத வேலை ஆகிவிடாது. அதை நம்பித் தூங்குபவருக்கு எல்லா ஆபத்தும் உண்டு.

சட்டம் இருக்கிறது

சட்டம் இல்லாத குறை நமக்கில்லை. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் மின்பணி செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லின. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகளும், அவற்றின் இடத்தில் வந்த 2023 விதிமுறைகளும் அதையே சொல்கின்றன. தமிழகத்தில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது, மின் ஆய்வுத்துறை இருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு கள அனுபவம் உள்ளவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்தப்படுகிறது. 21 வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பு இல்லை. பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுத் தொழிலைக் கையால் கற்றவர்களுக்குத் திறந்திருக்கும் நல்ல கதவு அது. அதன் அறிவிப்பு வரும் சேதி ஓசூரின் கட்டடத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்குத் தெரிகிறது?

ஓட்டை நடைமுறையில் இருக்கிறது. வேலை செய்பவர் ஒருவர், சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் லைசன்ஸ்காரர் இன்னொருவர். அவர் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். கையெழுத்துக்குத் தனி விலை. அலாரம் வேலையிலோ அந்தக் கையெழுத்தும் கிடையாது. மின்கம்பியாளுக்கு இருப்பதுபோன்ற கட்டாயத் தகுதிச் சான்று, அலாரம் பொருத்துபவருக்கு நடைமுறையில் இல்லை. எல்லையில் இன்னொரு சிக்கல்: ஒயர்மேன் காலையில் ஓசூரில், மாலையில் அத்திப்பள்ளியில் அல்லது சந்தாபுரத்தில் வேலை செய்கிறார். உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. தவறு நடந்தால் எந்தப் பக்கத்துப் பதிவேட்டைப் புரட்டுவது?

ஆலைக்கு வெளியேயும் அதே ஒழுங்கு

ஆனாலும் நான் நம்பிக்கையோடு எழுதக் காரணம் இருக்கிறது. ஓசூருக்கு நேர்த்தி தெரியும். 1980-களிலிருந்து இந்த ஊர் கைக்கடிகாரம் கோர்க்கிறது, லாரி செய்கிறது, மோட்டார் சைக்கிள் செய்கிறது. நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எண்ணில் சொல்லி, முறுக்கியதைச் சரிபார்த்து, குறியிட்டு அனுப்பும் பழக்கம் இங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கையில் ஊறியிருக்கிறது. அடுத்த நிலையில் நிற்பவர் முந்தைய நிலையின் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அந்த ஒழுங்கு ஆலை வாசலோடு நின்றுவிடுவதுதான் குறை. பகலில் ஆலைக்குள் ஒரு திருகின் முறுக்கத்தை அளப்பவர், இரவில் தூங்கும் வாடகை அறையின் டிபியில் திருகுகள் கையால்கூட முறுக்கப்படாமல் இருக்கின்றன.

தமிழக அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை 2,877 கோடி ரூபாயில், தொழில் துறையோடு சேர்ந்து, நான்காம் தலைமுறைத் தொழில்நுட்பத்துக்கு உயர்த்தியது. ரோபாட்டிக்ஸ் வரட்டும், மின்வாகனப் பயிற்சி வரட்டும். கூடவே, கூரைச் சூரிய மின்தகடுகளின் இணைப்பைச் சரியாக அழுத்துவது எப்படி, நேர்மின்சாரத்தில் தளர்ந்த இணைப்பு விடும் பொறி ஏன் எளிதில் அணையாது, அலாரம் கோட்டின் கடைசி ரெசிஸ்டர் எங்கே இருக்க வேண்டும் என்பவையும் வகுப்புக்குள் வர வேண்டும். இவை இன்று ஒவ்வொரு கூரையிலும் ஒவ்வொரு விடுதியிலும் நடக்கும் வேலைகள்.

செய்யக்கூடியவை சில. ஓசூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், ஏற்கெனவே தொழில் செய்பவர்களுக்காக மாலை நேரக் குறும்பயிற்சி தொடங்க வேண்டும். கிரிம்பிங், எர்த் அளவீடு, மெக்கர் சோதனை, அலாரம் போர்டில் வேண்டுமென்றே வைத்த பிழையைக் கண்டுபிடிப்பது என்று எல்லாம் செய்முறையாக, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும். பயிற்சி நாளின் கூலியை ஆலைகளும் சிறுதொழில் சங்கங்களும் ஏற்க வேண்டும். அன்றாடம் கூலி வாங்குபவரிடம் ஓய்வு நாளைக் கேட்பது முறையாகாது. ஒவ்வொரு டெண்டரிலும் சோதனைக்கு என்று தனி வரியும் தனித் தொகையும் இருக்க வேண்டும். பொதுப்பணித் துறை இதைத் தொடங்கினால் தனியாரும் பின்பற்றுவார்கள். பூசுவதற்கும் சீலிங் மூடுவதற்கும் முன்பு படம் எடுத்து, பார்த்தவர் பெயரோடு பதிவு செய்வதை உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும். தீ விபத்துகளுக்குப் பிறகு, எந்த இணைப்பில் என்ன பிழை என்பதை மின் ஆய்வுத்துறையும் தீயணைப்புத் துறையும் தமிழில் வெளியிட வேண்டும். யார் செய்தது என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். பிழை என்ன என்பது அடுத்த ஒயர்மேனுக்குத் தெரிய வேண்டும்.

வீடு கட்டுபவர்களும் பட்டறை, விடுதி நடத்துபவர்களும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் சோதித்த அளவு என்ன? ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா? எர்த் அளவு என்ன? 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் ‘டி’ பொத்தானை அழுத்தினால் விழுகிறதா? எம்சிபியின் அளவு ஒயரின் கனத்துக்குப் பொருந்துகிறதா? அலாரம் உணரி ஒன்றை உங்கள் கண்ணெதிரே கழற்றினால் போர்டில் ஃபால்ட் வருகிறதா? பதில்களைத் தேதியோடும் வேலை செய்தவரின் பெயரோடும் ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சோதனைக்கு ஒயர்மேன் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தாள் வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.